மூலம் நட்சத்திரமும் அகமாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது மூலம், 2ஆம் பாதம். என் ஜாதகம் மூன்று வீடுகளிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. அந்த நாட்களில்தான் இந்த நட்சத்திரத்தைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் பயந்து ஒதுக்கிய சின்னங்களே என்னை உள்ளே பார்க்க வைத்தன. அதன் பிறகு என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஜாதகப் பலன் சொல்வது என் நோக்கம் இல்லை.

மூலம் என்பது வானத்தில் எது? கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், நன்றாகவே தெரியும். விருச்சிகத் தேளின் வால் வளைந்து மேலே தூக்கியிருக்கும் இடம்தான் மூலம். கொடுக்கில் இரண்டு விண்மீன்கள் நெருக்கமாக நிற்கும். ஒன்று நல்ல பிரகாசம், மற்றது கொஞ்சம் மங்கல். பிரகாசமானதன் பெயர் ஷௌலா. அது அரபுச் சொல், தூக்கிய வால் என்று பொருள். ஆனி, ஆடி மாதங்களில் இருட்டிய பிறகு தெற்கே பார்த்தால் நம் ஊர்களிலிருந்து தேள் முழுசாகத் தெரியும். மார்கழி முதல் பாதியில் சூரியனே மூலத்தில் இருப்பதால் அப்போது பார்க்க முடியாது.

27 நட்சத்திரங்களில் இது 19ஆவது. தனுசு ராசியின் முதல் 13 பாகை 20 கலை இதற்கு உரியது. ராசி என்பது வானத்தைச் சம பங்காகப் பிரித்த கணக்கு, அதனால்தான் தேளின் வால் நுனி தனுசில் வருகிறது. அதிதேவதை நிருதி, அதிபதி கேது. சேர்த்துக் கட்டிய வேர்க்கட்டு, யானையை அடக்கும் அங்குசம், சிங்கத்தின் வால் ஆகியவற்றை இதன் சின்னங்களாகச் சொல்வார்கள்.

இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, இருக்கும் இடம். கேட்டை முடிந்து மூலம் தொடங்கும் புள்ளியில் ராசியும் முடிகிறது, நட்சத்திரமும் முடிகிறது. இதைக் கண்டாந்தம் என்பார்கள். ஆயில்யம்-மகம், ரேவதி-அசுவினி சந்திகளும் இப்படித்தான். பழைய ஜோதிட நூல்கள் இந்த முடிச்சில் பிறப்பதை ஆபத்தாகப் பார்த்தன. மூலத்தின் 1ஆம் பாதம் தகப்பனுக்கு, 2 தாய்க்கு, 3 செல்வத்துக்கு ஆகாது, 4 நல்லது என்று பிரித்துச் சொன்னார்கள்.

இரண்டாவது, நிருதி. அவளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். மூன்றாவதுதான் நம் வீடுகளில் அதிகம் வலித்தது: "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற பழமொழி. ஒரே நட்சத்திரம், ஆணுக்குச் சிம்மாசனம், பெண்ணுக்குப் பழி. மூலத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்ற பேச்சும் இதோடு ஒட்டிக்கொண்டது. இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. ஒரு பெண்ணின் பிறந்த நேரம் இன்னொரு வீட்டு முதியவரின் ஆயுளைக் குறைக்காது.

அந்தப் பழமொழி "ஆனி மூலம், பின் மூலம்" என்பதன் திரிபு என்கிறார்களே?

ஆமாம், ஜோதிடர்கள் பலர் அப்படி விளக்குகிறார்கள். ஆனி மாதம் சூரியன் மிதுனத்தில் இருப்பார், மூலத்தில் நிற்கும் சந்திரன் அதற்கு நேர் எதிரே தனுசில் இருப்பார். அது பௌர்ணமியை ஒட்டிய பிறப்பு, அதனால் அரசாளும். பின் மூலம் என்றால் பிற்பகுதிப் பாதங்கள், நிர்மூலம் ஆவது எதிரிகள். கேட்க இதமாக இருக்கிறது. நிறைய பெண்களுக்கு ஆறுதலும் தந்திருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணை மதிக்க இப்படியொரு சொல்லாராய்ச்சி தேவைப்படக் கூடாது என்பது என் எண்ணம்.

நிருதி யார்? அவளோடு எதற்கு உறவாட வேண்டும்?

வேதத்தில் நிருதி சிதைவின் தெய்வம். ருதம் என்றால் உலகின் ஒழுங்கு. அந்த ஒழுங்கு அவிழ்ந்து போகும் இடம் அவளுடையது. ரிக்வேதத்தின் 10ஆம் மண்டலத்தில் ஒரு பாடல், நிருதியே தூரப் போ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. அவள் கையில் பாசக்கயிறு. பிற்காலத்தில் நிருதி ஆண் வடிவில் தென்மேற்குத் திசையின் காவலர் ஆனார். வீடு கட்டும்போது நாம் சொல்லும் நிருதி மூலை அதுதான்.

அவளை யாரும் விரும்பிக் கூப்பிடவில்லை. ஆனால் விலக்கவும் இல்லை, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சதபத பிராம்மணம் என்ற வேதச் சடங்கு நூலில், அக்கினிக்குப் பெரிய வேள்வி மேடை கட்டுவதற்கு முன் நிருதிக்கென்று கறுப்புச் செங்கற்களைத் தென்மேற்கில் வைக்கச் சொல்கிறார்கள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு முன்னால் சிதைவுக்கு அதன் பங்கைக் கொடுத்துவிடுகிறார்கள். நம்மில் பலர் இதைச் செய்வதே இல்லை. போனது போனதுதான் என்று ஒப்புக்கொள்ளாமல் அதன் மேலேயே அடுத்த சுவரை எழுப்புகிறோம்.

மூலம் அழிக்கும் நட்சத்திரம்தானே? அதில் மாற்றம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

வேத நூல்களில் இந்த நட்சத்திரத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று மூலபர்ஹணி, வேரோடு பிடுங்குபவள். இன்னொன்று விச்ருதௌ. கொடுக்கில் இருக்கும் அந்த இரண்டு விண்மீன்களைத்தான் இந்தப் பெயர் குறிக்கிறது என்கிறார்கள். பொருள்: கட்டை அவிழ்க்கும் இருவர். முதல் பெயரின் பயம் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாவது பெயரை நம் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதர்வவேதத்தின் 2ஆம் காண்டத்தில், விச்ருதௌ என்னும் பேறு பெற்ற இரு தாரகைகள் உதித்துவிட்டன, க்ஷேத்திரிய நோயின் மேல்கட்டையும் கீழ்கட்டையும் அவை அவிழ்க்கட்டும் என்று ஒரு வேண்டுதல் வருகிறது. க்ஷேத்திரியம் என்பதற்கு உரைகாரர்கள் தரும் பொருள், பரம்பரையாகப் பெற்றோரிடமிருந்து வரும் நோய். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். குடும்பத்தின் வழியாக இறங்கி வரும் நோயை அவிழ்க்க, மூல நட்சத்திரத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள்! குடும்பத்துக்குக் கேடு என்று நாம் ஒதுக்கிய அதே நட்சத்திரத்தை.

அதே வேதத்தின் 6ஆம் காண்டத்தில், இந்த வேளையில் பிறந்த குழந்தைக்கான பாடல் ஒன்று உண்டு. மூலபர்ஹணத்திலிருந்து இவனைக் காப்பாற்று, எல்லாத் துன்பத்தையும் கடத்தி நூறு ஆண்டு வாழச் செய் என்று முதலில் கேட்கிறது. அடுத்துதான், வளர்ந்த பின் இவன் தகப்பனையும் பெற்றவளையும் துன்புறுத்தாமல் இருக்கட்டும் என்கிறது. ஆக, பயம் அப்போதும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் பாதுகாப்புதான் முதல் வேண்டுதல். நாம் அந்த வரிசையைப் புரட்டிப் போட்டுவிட்டோம்.

நான் மூலத்தில் பிறக்கவில்லை. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். சந்திரன் சுமார் 27 நாளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் பொதுவாகத்தான் மூலத்தைக் கடக்கிறது. சின்னம் என்பது கண்ணாடி மாதிரி, யார் நின்றாலும் காட்டும். வேரை யோசித்துப் பார்க்க ஜாதகம் எதற்கு?

சரி, நடைமுறையில் என்ன செய்வது?

நான் செய்வதைச் சொல்கிறேன். இது எந்தச் சாஸ்திரத்திலும் உள்ள விதி இல்லை. மேலே சொன்ன சின்னங்களை வைத்து நானாக அமைத்துக்கொண்டது.

பஞ்சாங்கத்திலோ நாள்காட்டித் தாளிலோ மூலம் வரும் நாளைப் பார்த்து வைத்துக்கொள்வேன். அன்று மாலை அரை மணி நேரம் ஒதுக்குவேன். என்னை அடிக்கடி தடுக்கும் ஒரே ஒரு விஷயத்தைத் தாளில் எழுதுவேன். கோபம், தயக்கம், யாரையோ பார்த்தால் வரும் எரிச்சல், எதுவானாலும் சரி, ஒன்றுதான். அப்புறம் அதற்குக் கீழே "இதன் வேர் எது?" என்று எழுதிப் பதில் எழுதுவேன். அந்தப் பதிலுக்குக் கீழே மறுபடி அதே கேள்வி. ஐந்தாறு முறை இறங்கினால் பெரும்பாலும் நமக்கு முன்னால் பிறந்த ஒருவரிடம் போய் நிற்போம்.

என் கதையையே சொல்கிறேன். கல்யாண வீடுகளில் நான் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்பேன். யாராவது முன்னால் கூப்பிட்டால் உடம்பு கூசும். அதுதான் மேல்கட்டு, மற்றவர்களுக்கும் தெரிவது. இறங்கிப் பார்த்தபோது எனக்கு எட்டு வயதில் ஒரு விசேஷத்தில் அத்தைப் பாட்டி, "இவளை முன்னால நிக்க விடாதீங்க" என்று சொன்னது கிடைத்தது. பல வருடம் அதோடு நிறுத்தி, அவர் மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டேன். இன்னும் ஒரு படி இறங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. அத்தைப் பாட்டியும் மூலம். கல்யாணமான முதல் வருடமே அவருடைய மாமனார் இறந்துபோனார், வாழ்நாள் முழுக்க அந்தப் பேச்சைச் சுமந்தார். என்னை முன்னால் விட்டால் என் மேலும் அந்தச் சொல் விழும் என்று பயந்திருக்கிறார். அது வெறுப்பே இல்லை. கீழ்கட்டு அதுதான், அவரிடமிருந்து எனக்கு இறங்கி வந்த பயம்.

வேரைக் கண்டதும் பிடுங்கிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். வேர்க்கட்டு என்ற சின்னத்தை மறுபடி பாருங்கள். அது பிடுங்கி எறிந்த வேர் இல்லை, சேர்த்துக் கட்டி வைத்த வேர். வைத்தியர் வீட்டில் அப்படித்தான் கட்டி வைப்பார்கள். மூலிகை என்ற சொல்லே மூலத்திலிருந்துதான் வருகிறது. அத்தைப் பாட்டியின் பயத்தை நான் விட்டேன், அவர் என் மேல் வைத்திருந்த அக்கறையை வைத்துக்கொண்டேன். எதை விடுவது, எதைக் கட்டி வைப்பது என்று பிரிப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

கடைசியாக, அடுத்த மூலம் வருவதற்குள் செய்யக்கூடிய ஒரு சின்னச் செயலை எழுதுவேன். எனக்கு அது, ஒரு கல்யாணத்தில் இரண்டாவது வரிசையில் உட்காருவது. செய்துவிட்டேன் என்றால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தக் கறுப்புச் செங்கல் வைத்தவர்கள் மாதிரி திரும்பிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். இந்தத் திரும்பிப் பார்க்காமை முதலில் கஷ்டமாக இருக்கும். சரியாக அவிழ்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தால் புது முடிச்சுதான் விழும்.

அனுமனும் மூலம்தானே? அந்தக் கதைக்கு இதில் இடம் உண்டா?

நிச்சயம் உண்டு. தமிழ்நாட்டில் மார்கழி மாதம் அமாவாசையும் மூலமும் கூடும் நாளில் அனுமன் ஜெயந்தி கொண்டாடுகிறோம். நாமக்கல்லிலும் சுசீந்திரத்திலும் அன்று எவ்வளவு கூட்டம்! ஆனால் அனுமனை வணங்கும்போது அவருடைய நட்சத்திரத்தை யாரும் பயத்தோடு சொல்வதில்லை.

யுத்த காண்டத்தில் வரும் மலைக் காட்சியை மூலத்தின் கண்ணோடு பாருங்கள். மூலிகை தேடிப் போகிறார் அனுமன். வால்மீகி சொல்வதன்படி மூலிகைகள் தங்களை மறைத்துக்கொள்கின்றன. உடனே மலையையே பெயர்த்தெடுத்து வருகிறார். பெயர்ப்பதுதான் மூலத்தின் வேலை, ஆனால் இங்கே அது உயிர் காப்பதற்கு. அப்புறம் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: எல்லோரும் பிழைத்த பிறகு அந்த மலையைத் திரும்ப இமயத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு ராமனிடம் வருகிறார். ஒரு பழைய துக்கத்தைத் தோண்டி எடுத்தால், வேலை முடிந்ததும் அதை அதனிடத்தில் கொண்டுபோய் வைக்கவும் தெரிய வேண்டும். தோண்டியதை எல்லாம் நடுக்கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு வாழ முடியாது.

மூலத்தோடு சேர்ந்த வேறு நல்ல நாட்கள் உண்டா?

நிறைய. நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாஹனம் செய்வது மூல நட்சத்திரத்தில்தான், திருவோணத்தில் வழியனுப்புவார்கள். வைணவர்கள் மணவாள மாமுனிகளின் பிறந்த நாளை ஐப்பசித் திருமூலம் என்று திரு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

எனக்கு நெருக்கமானது மதுரை ஆவணி மூலம். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் செலவழித்துவிடுகிறார். குதிரைகள் ஆவணி மூலத்தன்று வரும் என்று சொல்லும்படி இறைவன் சொல்கிறார். நரிகள் பரிகளாகி வருகின்றன, இரவில் மறுபடி நரிகளாகின்றன. மாணிக்கவாசகர் வைகையின் சுடுமணலில் நிற்கிறார், வெள்ளம் வருகிறது, வந்திக் கிழவிக்காக இறைவன் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி படுகிறார். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது. ஓர் அமைச்சர் பதவி, மதிப்பு, மன்னனின் நம்பிக்கை எல்லாவற்றையும் வேரோடு இழக்கும் கதை இது. எதுவும் மிச்சமில்லாத அந்த மணலில்தான் அவர் வாழ்க்கை திரும்புகிறது. வாழ்க்கையில் எல்லாம் ஒரே சமயத்தில் பெயர்ந்து விழும் காலத்தில் இருப்பவர்களுக்கு, ஜாதகக் குறிப்பைவிட இந்தக் கதை உதவும் என்று நம்புகிறேன்.

கேது இதில் என்ன செய்கிறார்?

தசைக் கணக்கில் மூலத்தில் பிறந்தவர்கள் கேது தசையில்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். முழு தசை 7 வருடம், பிறந்த பாதத்தைப் பொறுத்து மிச்சம் குறையும். கேது தலையில்லாத உடல். அகப் பயிற்சியில் இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: யோசித்துத் தீராததை உடம்பிடம் விடுவது. எழுதி முடித்ததும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.

பரிகாரம் செய்ய வேண்டுமா?

மூல நட்சத்திரத்துக்குச் சாந்தி செய்யும் வழக்கம் பழையது. உங்கள் மனம் கேட்டால் கோயிலுக்குப் போங்கள், விளக்கேற்றுங்கள், அதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் பயத்தைக் காட்டிப் பெரிய தொகை கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பயத்தில் செய்கிற எதுவும் முடிச்சை இறுக்கத்தான் செய்யும்.

மூலத்தின் திசையில் கருந்துளை இருப்பது உண்மையா?

உண்மை. நம் பால்வீதியின் மையம், நாம் கணக்கிடும் தனுசு ராசியின் ஏறத்தாழ 3ஆம் பாகையில், மூலம் 1ஆம் பாதத்தின் திசையில்தான் வருகிறது. அங்கே சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது, தூரம் சுமார் 26,000 ஒளியாண்டு. அதன் படம் 2022இல் வெளியானது. முன்னோர் இதை அறிந்துதான் மூலம் என்று பெயர் வைத்தார்கள் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் வேண்டாம். ஆனாலும் நம் விண்மீன் கூட்டமே சுற்றி வரும் மையம் அந்தத் திசையில் இருப்பதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும்.

வேறு பண்பாடுகளிலும் இப்படிப் பயந்த விண்மீன் உண்டா?

அல்கோல். அரபியில் பூதத்தின் தலை. கிரேக்கர்கள் அதை, பெர்சியஸ் கையில் பிடித்திருக்கும் மெதூசாவின் வெட்டுண்ட தலையில் வைத்தார்கள். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை அது மங்கி மறுபடி ஒளிரும். ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இங்கிலாந்து இளைஞர் 1783இல் இந்தக் கணக்கை வெளியிட்டார், அப்போது அவருக்கு 18 வயது. இருண்ட பொருள் ஒன்று குறுக்கே வந்து மறைக்கலாம் என்றும் ஊகித்தார். அது சரியாகவே இருந்தது, மங்கலான துணை விண்மீன் ஒன்று அதைச் சுற்றி வருகிறது. எல்லோரும் பயந்த விண்மீனை அவர் இரவு இரவாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நம் மூலத்தையும் அப்படி விடாமல் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எப்போது இந்தப் பயிற்சியைச் செய்யக் கூடாது?

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழ்க்கையே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் தாளை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். வேர் தோண்டுவதற்குத் தரை கொஞ்சம் உறுதியாக இருக்க வேண்டும். இன்னொன்று, வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளை மூலத்தன்று கிடைத்த வேகத்தில் எடுக்க வேண்டாம். குறைந்தது மூன்று மூலமாவது கடக்கட்டும்.

எங்களுக்கு மூலத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் முகம் வாடியிருக்கிறார்கள். என்ன செய்ய?

முதலில் குழந்தைக்கு என் ஆசிகள். அவள் காதுபட யாரும் அந்தப் பழமொழியைச் சொல்ல விடாதீர்கள். குழந்தைகளுக்கு நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிந்துவிடும். வீட்டுப் பெரியவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவர்களுக்கும் யாரோ கொடுத்துவிட்டுப் போன பயம்தான் அது. முதலை காலைப் பிடித்தபோது கஜேந்திரன் கூப்பிட்ட பெயர் "ஆதிமூலமே" என்று அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். கருவறையில் இருப்பவரை மூலவர் என்கிறோம். அந்தச் சொல்லைத்தான் உங்கள் மகள் தன் நட்சத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறாள்.

அவளுக்கு நாலைந்து வயதானதும், ஓர் ஆடி மாத இரவில் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தெற்கே தேளைக் காட்டுங்கள். வாலின் நுனியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு விண்மீன்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அது உன் நட்சத்திரம், அவர்கள் பெயர் அவிழ்ப்பவர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் அவள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.